பிஎஸ்2-க்கு எந்த கேம் வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டில் பிளேஸ்டேஷன் 2 இன்றும் ஓடுகிறது. அது தெரிந்த நாளிலிருந்து சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள், தம்பியின் கூட்டாளிகள் என்று யாராவது ஒருவர் போன் பண்ணி, "பரண்ல இருந்து எடுத்துட்டேன், இப்ப என்ன கேம் வாங்கறது?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே பதிலைப் பலருக்கும் வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருந்ததால், எல்லாவற்றையும் சேர்த்து இங்கே எழுதிவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இத்தனை வருஷம் கழிச்சு பிஎஸ்2-ல விளையாட என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. 2000 மார்ச்சில் ஜப்பானில் வந்த மிஷின் இது. உற்பத்தி நின்றது 2013 தொடக்கத்தில். சுமார் 16 கோடி விற்றிருக்கிறது, வீட்டு கன்சோல்களில் அந்தக் கணக்கை இன்னும் எதுவும் தாண்டவில்லை. அவ்வளவு விற்றதால் எந்தக் கிறுக்கு யோசனைக்கும் பணம் போட ஆள் இருந்தார்கள். கண்ணில் பட்ட பொருளையெல்லாம் ஒட்டி உருட்டிப் பெரிய பந்தாக்கும் கேம், ஓநாய் உருவில் வந்த தேவதை தூரிகையால் உலகத்தை வரைந்து சரிசெய்யும் கேம், பதினாறு ராட்சதர்களைத் தவிர வேறு எதிரியே இல்லாத கேம், இதெல்லாம் அந்தக் காலத்தில்தான் கடைக்கு வந்தது.

டாப் 100 லிஸ்ட் பார்த்து வாங்கினா போதாதா?

போதாது. அந்த லிஸ்டுகள் பெரும்பாலும் ஞாபகத்தில் இருந்து எழுதப்படுபவை. 2004-ல் காலேஜ் லீவில் ஆறு மணி நேரம் உட்கார்ந்து விளையாடியவரின் ஞாபகம், இன்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி நேரம் ஒதுக்கும் உங்களுக்கு உதவாது.

நான் ரெண்டே விஷயம்தான் பார்ப்பேன். ஒன்று, கேமரா. கன்ட்ரோலரின் வலது குச்சியால் நீங்களே திருப்பிக்கொள்ள முடிகிறதா, இல்லை கேம் தானே காட்டுகிறதா, தானே காட்டினால் சரியாகக் காட்டுகிறதா? இன்னொன்று, சேவ், அதாவது ஆடிய வரை பதிந்து வைப்பது. ஒரு சேவுக்கும் அடுத்த சேவுக்கும் நடுவில் எவ்வளவு நேரம், செத்தால் எவ்வளவு தூரம் பின்னால் போய் விழுவோம்? பிஎஸ்2 படம் பழசாகத் தெரியும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், ஆனால் படம் பத்து நிமிஷத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். ஒத்துழைக்காத கேமராவும் நாற்பது நிமிஷத்தை விழுங்கும் சேவும் கடைசி வரை பழகாது. பாதியில் விட்ட கேம்களை எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி இந்த ரெண்டில் ஒன்றால் விட்டதாகத்தான் இருக்கும். கீழே வரும் பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

அமெரிக்கால இருந்து மாமா ஒரு பெட்டி நிறைய கேம் அனுப்பினார், ஒண்ணுகூட ஓடலை. டிஸ்க் கெட்டுப்போச்சா?

கெட்டிருக்காது, ரீஜன் வேறு. இந்தியாவில் விற்ற பிஎஸ்2 பால் (PAL என்ற டிவி முறை) ரீஜனைச் சேர்ந்தது, ஐரோப்பா, ஆஸ்திரேலியா டிஸ்க்குகள்தான் அதில் ஓடும். டிஸ்க்கின் மேல் ஒரு குறியீடு இருக்கும். எஸ்.எல்.இ.எஸ் அல்லது எஸ்.சி.இ.எஸ் என்று தொடங்கினால் நம் ஊர் மிஷினுக்கு. எஸ்.எல்.யு.எஸ், எஸ்.சி.யு.எஸ் என்றால் அமெரிக்கா. எஸ்.எல்.பி.எஸ், எஸ்.எல்.பி.எம் என்றால் ஜப்பான். ஆன்லைனில் பழைய டிஸ்க் வாங்கும்போது அட்டைப் படத்தைப் பார்த்து வாங்காமல் இந்த எழுத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மாமா மிஷினையும் சேர்த்து அனுப்பியிருந்தால் ஒரு எச்சரிக்கை: பழைய பெரிய மாடல் அமெரிக்க மிஷின் 120 வோல்ட்டுக்குச் செய்தது, ஜப்பான் மிஷின் 100 வோல்ட்டுக்கு. நம் சுவர் பிளக்கில் நேராகச் செருகினால் போய்விடும், நடுவில் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும்.

பால் கேம் எல்லாம் ஸ்லோவா ஓடும்னு சொல்றாங்களே, நிஜமா?

சில கேம்களில் நிஜம். பால் டிவி நொடிக்கு 50 முறை படம் மாற்றும், அமெரிக்க, ஜப்பானிய டிவி 60 முறை. 60-க்குச் செய்த கேமை ஒழுங்காக மாற்றாமல் 50-ல் விட்டால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்துவிடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. ஃபைனல் ஃபேன்டஸி 10 இதற்குப் பேர்போனது. ஆனால் பல பால் கேம்கள் ஆரம்பத்திலேயே "50-ஆ, 60-ஆ?" என்று கேட்கும். கேட்டால் 60-ஐத் தேர்ந்தெடுங்கள், நம் ஊரில் இப்போது இருக்கும் டிவிகள் அதை ஏற்கும்.

பால் என்றாலே நஷ்டம் என்றும் நினைக்க வேண்டாம். ஐகோ என்ற கேமின் பால் பதிப்பில் இரண்டாம் முறை ஆடும்போது இருவர் சேர்ந்து ஆடலாம், நம்மோடு கூட வரும் பெண் பேசுவதன் அர்த்தமும் எழுத்தில் வரும். முதலில் வந்த அமெரிக்கப் பதிப்பில் ரெண்டும் கிடையாது.

சின்ன வயசுல விளையாடினதையே திரும்ப வாங்கவா, புதுசா ஒண்ணு பார்க்கவா?

ரெண்டு டிஸ்க் வாங்குங்கள், ஒன்று தெரிந்தது, ஒன்று தெரியாதது. தெரிந்த கேமில் விரல் தானாகவே போகும், கன்ட்ரோலரோடு மறுபடி பழகிக்கொள்ள அதுதான் வழி. ஆனால் தெரிந்தது மட்டுமே வாங்கினால் ஒரு வாரத்தில் ஞாபகம் தீர்ந்துபோய் மிஷின் மறுபடி பரணுக்குப் போய்விடும். பலர் வீட்டில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

வைஸ் சிட்டியா, சான் ஆண்ட்ரியாஸா?

ரெண்டுமே கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ (ஜிடிஏ) வரிசை கேம்கள், சண்டை மூட்டும் கேள்வி. வைஸ் சிட்டி (2002) சின்ன ஊர். ரெண்டு பெரிய தீவு, 1986, ரேடியோ பாட்டு, கடற்கரை ரோடு. ஒரு மணி நேரம் இருந்தால் வண்டியை எடுத்து ரெண்டு மிஷன் முடித்துவிடலாம். மிஷன் நடுவில் செத்தாலோ போலீஸிடம் பிடிபட்டாலோ, அதை ஆரம்பித்த இடத்துக்கே கொண்டுபோய் விட ஒரு டாக்ஸி வந்து நிற்கும், அது பெரிய உபகாரம். குறை என்றால் துப்பாக்கி குறி பார்ப்பது ஒத்துழைக்காது, கேமராவை இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது, ஹீரோவுக்கு நீச்சலும் வராது.

சான் ஆண்ட்ரியாஸ் (2004) மூன்று நகரம், நடுவில் காடு, பாலைவனம், மலை. கேமரா திரும்பும், குறி பார்ப்பது பல மடங்கு மேல், நீச்சல், சைக்கிள், ஜிம் எல்லாம் உண்டு. சில இடங்களில் ரெண்டாவது கன்ட்ரோலரைச் செருகி நண்பரோடு சேர்ந்து சுற்றலாம். ஆனால் மிஷன்கள் நீளம். பதினைந்து நிமிஷம் வண்டி ஓட்டி, சுட்டு, துரத்தி, கடைசி வளைவில் செத்தால் முதலில் இருந்து தொடங்க வேண்டும், நடுவில் சேவ் கிடையாது. வார நாட்களில் கொஞ்ச நேரம் என்றால் வைஸ் சிட்டி, ஞாயிற்றுக்கிழமை முழுக்க இருக்கிறது என்றால் சான் ஆண்ட்ரியாஸ். ரெண்டுமே 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. நாம் பத்து வயதில் விளையாடினோம் என்பதற்காகப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம்.

கிரான் டூரிஸ்மோ 3 கையில இருக்கு. 4 வாங்கணுமா?

3-ல் சுமார் 180 கார், 4-ல் 700-க்கும் மேல். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் மலைப்பாதை முழுசாக 4-ல்தான் வந்தது. 20 கிலோமீட்டருக்கும் மேல் நீளம், ஒரு சுற்றில் எழுபதுக்கும் அதிகமான வளைவு, பாதையை மனப்பாடம் பண்ணவே எனக்கு ஒரு மழைக்காலம் பிடித்தது. காரில் ஆசை இருந்தால் 4-ஐ வாங்குங்கள், இன்னொரு யோசனையே வேண்டாம். 3-ல் வாங்கிய பி, ஏ லைசென்ஸையும் கொஞ்சம் பணத்தையும் 4-க்கு மாற்றிக்கொள்ளவும் முடியும், அதனால் பழைய சேவ் ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

ஆனால் உங்கள் மிஷின் டிஸ்க் படிக்கத் திணறுகிறது என்றால் 3-லேயே இருங்கள். காரணம் கீழே லென்ஸ் பற்றிய கேள்வியில்.

ரேஸ் வேணும், ஆனா லைசென்ஸ் டெஸ்ட் எல்லாம் வேண்டாம்.

பர்ன்அவுட் 3 (2004). முதல் நிமிஷத்திலேயே அடுத்த காரைச் சுவரில் இடித்துத் தள்ளுவதுதான் ஆட்டம், ஒரு ரேஸ் மூன்று நான்கு நிமிஷம், பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்தால் திரையைப் பிரித்துக்கொள்ளலாம். வண்டியை அலங்கரிக்கப் பிடித்தால் நீட் ஃபார் ஸ்பீடு அண்டர்கிரவுண்ட் 2, போலீஸ் துரத்தலுக்கு மோஸ்ட் வான்டட். மோஸ்ட் வான்டட் கம்ப்யூட்டரில் ஓடிய அழகை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் பிஎஸ்2 பதிப்பு கொஞ்சம் இழுக்கும்.

காட் ஆஃப் வார்ல கேமராவே திருப்ப முடியாதே. உங்க கணக்குப்படி அது மோசமான கேமா?

இல்லை, அதனால்தான் "சரியாகக் காட்டுகிறதா" என்று மேலே சேர்த்தேன். அதில் வலது குச்சி உருண்டு தப்பிக்கத்தான், கேமராவை அந்தக் கேமைச் செய்தவர்களே ஒவ்வொரு அறைக்கும் வைத்துவிட்டார்கள். எதிரி திரைக்கு வெளியே நின்று அடிப்பது அபூர்வம். செத்தால் கொஞ்சம் பின்னால்தான் எழுப்பிவிடும். 2005-ல் வந்த முதல் பாகத்தில், நரகத்தில் சுழலும் கத்தித் தூண் ஒன்றில் ஏறும் இடம் மட்டும் எல்லோருக்கும் கோபம் வரவைக்கும், அதைத் தாண்டினால் தப்பித்தோம். 2007-ல் வந்த இரண்டாம் பாகம் எல்லா விதத்திலும் மேல், ஆனால் கதை தொடர்ச்சி, முதலில் இருந்தே போங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் முழித்திருக்கும்போது ரெண்டையும் போட வேண்டாம்.

ஷேடோ ஆஃப் தி கொலோசஸை எல்லாரும் ஆஹா ஓஹோங்கறாங்க. அரை மணி நேரம் குதிரை ஓட்டினேன், ஒண்ணுமே வரலை. என்ன தப்பு பண்றேன்?

வாளைத் தூக்கிப் பார்த்தீர்களா? வெயிலில் நின்று வட்டப் பட்டனை அழுத்திப் பிடித்தால் வாள் ஒளியைச் சிதறடிக்கும். மெல்லத் திரும்பிக்கொண்டே வந்தால் ஒரு திசையில் அந்த ஒளி எல்லாம் ஒன்றாகச் சேரும். அந்தப் பக்கம்தான் அடுத்த ராட்சதன் இருக்கிறான். வழியில் குட்டி எதிரிகள், பெட்டிகள் எதுவும் கிடையாது, அது குறையில்லை, கேமே அப்படித்தான். வெறும் புல்வெளியில் தனியாகப் போய்ச் சேர்வதால்தான் அவன் எழுந்து நிற்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

முதல் ராட்சதனைச் சொல்கிறேன், மற்ற பதினைந்தும் உங்களுக்கே. காலின் பின்பக்கம் ரோமம் இருக்கும், ஆர்1 பிடித்து அதில் தொங்கி, கெண்டைக்காலில் ஒளிரும் இடத்தில் குத்தினால் மண்டியிடுவான், அப்புறம் முதுகு வழியாக ஏறித் தலைக்குப் போகலாம். ஆர்1-ஐ விட்டால் விழுவோம். கீழே ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், அதுதான் கைப்பிடி பலம். அவன் உலுக்கும்போது நம் விரலும் கன்ட்ரோலரை நெரித்துக்கொண்டிருக்கும், முடிந்ததும் ஆள்காட்டி விரல் நிஜமாகவே வலிக்கும். இதே குழு 2001-ல் செய்த ஐகோவிலும் அதே ஆர்1-தான், அங்கே அதைப் பிடித்தால் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொள்வோம். சேவ் பண்ண இருவரும் ஒரு கல் சோபாவில் போய் உட்கார வேண்டும். ஒரு பட்டனை இவ்வளவு யோசித்து வைத்தவர்கள் இன்றைக்கும் குறைவு.

நேரக் கணக்குக்கும் இது நல்ல கேம். ஒவ்வொரு ராட்சதன் விழுந்ததும் சேவ் பண்ணவா என்று கேட்கும், எட்டு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். குறையையும் சொல்லிவிடுகிறேன்: பெரிய ராட்சதன் வரும்போது மிஷின் திணறிப் படம் இழுக்கும், குதிரை முதலில் சொன்ன பேச்சைக் கேட்காது.

கிரிக்கெட் 07 வாங்கவா, பிரையன் லாரா வாங்கவா?

பேட்டிங் சுகத்துக்குக் கிரிக்கெட் 07. வலது குச்சியைத் தள்ளும் திசையில் ஷாட் போகும், கை பழகிவிட்டால் கவர் டிரைவ் அடிப்பது அவ்வளவு இதம். ஆனால் முழு உரிமம் இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவுக்குத்தான், நம் வீரர்கள் பெயர் திரித்து எழுதப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரில் பேட்ச் போட்டு நிஜப் பெயர், புதுச் சீருடை என்று வருஷா வருஷம் மாற்றிக்கொண்டவர்கள், டிஸ்க்கில் அது நடக்காது என்பதைக் கவனியுங்கள்.

பௌலிங்கும் பிடிக்கும் என்றால் பிரையன் லாரா 2005. அதன் 2007 பாகம் நம் ஊர்க் கடைகளில் யுவராஜ் சிங் பெயரில் வந்தது, ஆஸ்திரேலியாவில் ரிக்கி பாண்டிங் பெயரில். மூன்று அட்டையும் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே ஒரே கேம், ஏமாந்து ரெண்டு வாங்கிவிடாதீர்கள்.

இந்தியால செஞ்ச பிஎஸ்2 கேம் இருக்காமே?

இருக்கிறது. 2009-ல் ஹைதராபாத்தில் செய்த ஹனுமான்: பாய் வாரியர். முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் கேம் அது. கபடி, பட்டம் மாதிரியான நம் விளையாட்டுகளை வைத்து தேசி அட்டா என்று ஒன்றும் அதே வருஷம் வந்தது. சேகரிக்க ஆசை இருந்தால் கட்டாயம் தேடுங்கள், எனக்கு அவை அலமாரியில் இருப்பதே சந்தோஷம். விளையாட மட்டும் என்றால் ஹனுமானின் சண்டை கரடுமுரடாக இருக்கும், காட் ஆஃப் வார் முடித்த கையோடு போடாதீர்கள்.

வீட்டுக்கு நாலு பேர் வந்தா என்ன போடறது?

மாற்றி மாற்றி ஆடுவதென்றால் டெக்கன் 5. எதுவும் தெரியாதவர் பட்டனை அழுத்தினாலும் ஏதாவது உதை விழும், தெரிந்தவர் திணறுவார், கூடத்தில் சத்தம் நிற்காது. அதே டிஸ்க்கில் டெக்கன் 1, 2, 3 ஆர்கேட் வடிவங்களும் இருக்கின்றன, ஒரு விலையில் நாலு கேம். மல்யுத்தம் பார்த்து வளர்ந்தவர்கள் கூடினால் ஸ்மாக்டவுன்: ஹியர் கம்ஸ் தி பெயின் (2003), அதற்குப் பிறகு வந்தவற்றில் அந்த வேகம் இல்லை.

நாலு கன்ட்ரோலர் செருக மல்டிடாப் வேண்டும். பெரிய மாடலுக்கும் ஸ்லிம்முக்கும் வேறு வேறு மல்டிடாப், வாங்கும் முன் உங்கள் மாடலைச் சொல்லிக் கேளுங்கள்.

கதை உள்ள பெரிய ஆர்பிஜி ஒண்ணு ஆரம்பிக்கணும். ஃபைனல் ஃபேன்டஸி 10-ஆ, 12-ஆ, பெர்சோனாவா?

முதல் ஆர்பிஜி (ஒரு பாத்திரமாக ஆடி, லெவல் ஏறிக்கொண்டே போகும் நீளக் கதை கேம்) என்றால் 10. உங்கள் முறை வரும் வரை எதிரி காத்திருப்பான், பால் பொங்கினால் எழுந்து போய் அணைத்துவிட்டு வரலாம். சேவ் செய்யும் உருண்டை அடிக்கடி வரும், தொட்டால் காயமும் ஆறும். ஒரே தொல்லை, காட்சிகளைத் தாண்ட முடியாது. பெரிய எதிரியிடம் தோற்றால் அந்தப் பேச்சு முழுவதையும் மறுபடி கேட்டாக வேண்டும். 12-ல் கூட்டாளிகளுக்கு "உயிர் பாதிக்குக் கீழே போனால் மருந்து கொடு" என்கிற மாதிரி விதிகளை வரிசையாக எழுதிவைக்கலாம், அவர்கள் அதன்படி நடப்பார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு அது தேன்.

பெர்சோனா 3, 4 ரெண்டும் அருமையான எழுத்து, ஆனால் நான் சொன்ன சேவ் கணக்கில் கொடுமை. தலைவன் மட்டும் விழுந்தாலே ஆட்டம் முடிந்தது, கடைசி சேவுக்குத்தான் போக வேண்டும். 3-ல் கூட்டாளிகள் தங்கள் இஷ்டத்துக்கு அடிப்பார்கள், 4-ல் நாமே சொல்லலாம், அதனால் 4-ல் தொடங்குங்கள். எதிர்மாறாக டிராகன் குவெஸ்ட் 8-ல் சேவ் பண்ண தேவாலயத்துக்குப் போக வேண்டும், கேட்டால் தொல்லை மாதிரி இருக்கும், ஆனால் தோற்றால் கையிலிருக்கும் காசில் பாதி போவதோடு சரி, ஏறிய லெவலும் கிடைத்த பொருளும் அப்படியே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஒரே கேமுக்கு ரெண்டு பதிப்பு இருக்கே, எது?

மெட்டல் கியர் சாலிட் 3 என்றால் கண்ணை மூடிக்கொண்டு சப்சிஸ்டன்ஸ். 2004-ல் வந்த முதல் பதிப்பில் கேமரா தலைக்கு மேலே நிற்கும். காட்டில் எதிரி பத்தடி தூரத்தில் இருந்தாலும் திரைக்கு வெளியே இருப்பான். சப்சிஸ்டன்ஸில் நாமே திருப்பலாம். அதே காடு, அதே கதை, கேமரா ஒன்று மாறியதில் வேறு கேமாகிவிட்டது. பட்டனை மெல்ல விட்டால் துப்பாக்கி தாழும், சட்டென்று விட்டால் சுடும், அதனால் ஒரிஜினல் டூயல்ஷாக் 2 கன்ட்ரோலர் இதற்கு அவசியம்.

டெவில் மே கிரை 3 என்றால் ஸ்பெஷல் எடிஷன் (2006). முதலில் வெளிநாடுகளுக்கு வந்ததில் ஜப்பானின் கடின நிலையை சாதாரண நிலை என்று பெயர் மாற்றி வைத்திருந்தார்கள், பலர் ஆரம்ப மிஷன்களையே தாண்டவில்லை. ரெசிடென்ட் ஈவில் 4 பிஎஸ்2-ல் நின்டெண்டோவின் கேம்கியூப் மிஷினை விட மங்கல், மரங்கள்கூடக் குறைவு, ஆனால் ஏடா என்ற பாத்திரத்தை வைத்து ஆடும் தனிக்கதை இதில்தான் முதலில் சேர்த்தார்கள்.

சில கேம் ஓடுது, சில கேம் பாதியில நின்னு டக் டக்னு சத்தம் வருது. ஏன்?

டிஸ்க்கைப் படிக்கும் லென்ஸ் களைத்துவிட்டது. டிஸ்க்கைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் பிஎஸ்1, நீலமாக இருந்தால் பிஎஸ்2 சிடி, வெள்ளியாக இருந்தால் டிவிடி. டிவிடியில் சில ரெட்டை அடுக்கு, ஒரே பக்கத்தில் ரெண்டு படலமாகத் தகவல் இருக்கும், லென்ஸ் குவியத்தை மாற்றி மாற்றிப் படிக்க வேண்டும். கிரான் டூரிஸ்மோ 4, காட் ஆஃப் வார் ரெண்டு பாகமும் அந்த வகை. சோர்ந்த லென்ஸ் முதலில் மக்கர் பண்ணுவது இவற்றில்தான். அதனால் பரணிலிருந்து எடுத்ததும் ரெட்டை அடுக்கு டிஸ்க் வாங்காதீர்கள், முதலில் ஒற்றை அடுக்கு கேம் ஒன்றை ரெண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்.

பழைய டிஸ்க் வாங்கும்போது என்ன பார்க்கணும்?

வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் போகும் கீறல் பரவாயில்லை, டிஸ்க் சுற்றும் திசையிலேயே வளைந்து போகும் கீறல்தான் ஆபத்து. நடு ஓட்டையைச் சுற்றி விரிசல் இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், வேகமாகச் சுற்றும்போது உடைந்தால் மிஷினும் போகும். நீல அடி டிஸ்க் என்றால் மேல்பக்கத்தையும் பாருங்கள். சிடியில் தகவல் படம் ஒட்டிய பக்கத்துக்கு அடியிலேயே இருக்கிறது, அங்கே கீறினால் தீர்ந்தது. டிவிடியில் ரெண்டு பிளாஸ்டிக்குக்கு நடுவில் இருப்பதால் அந்தப் பயம் குறைவு.

சிப் போட்ட மிஷின்தான். காப்பி டிஸ்க்கே போதாதா?

அந்தக் காலத்தில் நம் ஊரில் பாதிப் பேர் வீட்டில் காப்பி டிஸ்க்கும் ஓடும்படி சிப் வைத்த மிஷின்தான் இருந்தது, யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எழுதும் டிவிடி அச்சு டிஸ்க் அளவுக்கு ஒளியைத் திருப்பி அனுப்பாது, லென்ஸ் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். அதைவிட முக்கியம், மேலே சொன்ன ரெட்டை அடுக்கு கேம்களைச் சாதாரண டிவிடியில் அடைக்க உள்ளே இருப்பதை வெட்டிவிடுவார்கள். நான் முதல் முறை காட் ஆஃப் வார் ஆடியது அப்படி ஒரு டிஸ்க்கில். ஒவ்வொரு பெரிய சண்டை முடிந்ததும் திரை கறுத்து, அடுத்த இடம் வந்துவிடும். கதையே இல்லாத கேம் என்று ரெண்டு வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன், ஒரிஜினல் கிடைத்த பிறகுதான் நடுவில் எவ்வளவு காட்சி இருந்தது என்று தெரிந்து மனசு கஷ்டமாகிவிட்டது. இரண்டு மூன்று நல்ல கேமாவது ஒரிஜினலாக வாங்குங்கள்.

எல்இடி டிவில மங்கலா தெரியுது, பட்டன் அழுத்தினா லேட்டா அடிக்குது.

மஞ்சள் ஒயரை விட்டுவிட்டு, பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்றாகப் பிரிந்து வரும் காம்போனன்ட் ஒயர் வாங்குங்கள், வித்தியாசம் உடனே தெரியும். டிவியில் கேம் மோடு இருந்தால் போடுங்கள். அப்படியும் கொஞ்சம் தாமதம் மிச்சமிருந்தால் கேம் தேர்வை மாற்றுங்கள்: ஃபைனல் ஃபேன்டஸி 10-க்குத் தாமதம் பொருட்டே இல்லை, டெக்கனுக்கும் கிட்டார் ஹீரோவுக்கும் உயிர் போகும். டைம் கிரைசிஸ் 2 மாதிரி துப்பாக்கி பிடித்துச் சுடும் கேமுக்குப் பழைய டப்பா டிவி தவிர வேறு வழியில்லை, புது டிவியில் அந்தத் துப்பாக்கி வேலையே செய்யாது.

மெமரி கார்டு எது? பிஎஸ்1 கேமும் அதுல சேவ் ஆகுமா?

ஒரிஜினல் 8 எம்.பி. கார்டு போதும். 64, 128 எம்.பி. என்று எழுதிய பெயர் தெரியாத கார்டுகள் ஒருநாள் எல்லா சேவ் ஃபைலையும் தூக்கிக்கொண்டு போய்விடும், நாற்பது மணி நேர ஆர்பிஜிக்கு நடுவில் அது நடந்தால் தாங்க மாட்டீர்கள். பிஎஸ்1 கேம்கள் அநேகமாக எல்லாமே பிஎஸ்2-ல் ஓடும், ஆனால் ஆடும்போது சேவ் பண்ண பிஎஸ்1 கார்டு தனியாக வேண்டும்.

இதுல பாதிக்கு ரீமேக் வந்துடுச்சே. பிஎஸ்2 டிஸ்க்குக்கு ஏன் காசு கொடுக்கணும்?

எல்லாவற்றுக்கும் கொடுக்க வேண்டாம். புது மிஷினும் வீட்டில் இருந்தால் ஃபைனல் ஃபேன்டஸி 10-ஐ எச்.டி.யிலேயே ஆடுங்கள், பால் டிஸ்க்கின் மெதுவும் பட்டையும் அதில் இல்லை. சைலன்ட் ஹில் 2-க்கு நேர்மாறு. 2012-ல் வந்த எச்.டி. தொகுப்பில் பனிமூட்டமே கெட்டுப்போயிருந்தது, 2001-ன் அந்த மூச்சடைக்கும் பனி வேண்டுமானால் பிஎஸ்2 டிஸ்க்தான். 2024 ரீமேக் நல்ல கேம், ஆனால் கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டதால் பயமும் வேறு விதமாகிவிட்டது. பர்ன்அவுட் 3, கிரான் டூரிஸ்மோ 4 ரெண்டுக்கும் மறுவடிவமே வரவில்லை, காசு இருந்தால் முதலில் அங்கே போடுங்கள்.

எல்லாம் சரிண்ணா, ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா?

தனியாக ஆடுபவர் என்றால் ஷேடோ ஆஃப் தி கொலோசஸ், பக்கத்தில் ஆள் இருந்தால் பர்ன்அவுட் 3. எஸ்.எல்.இ.எஸ் அல்லது எஸ்.சி.இ.எஸ் என்று இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ராட்சதனைப் போடும் முன் விரலைக் கொஞ்சம் சொடுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.